ஜவுளிக்கடை நண்பர்

மதுரைக்கு வடக்கே அழகர் மலைச் சரிவில், கிடாரிப்பட்டி என்னும் சிற்றூரை ஒட்டி, பெரியதொரு குகைத்தளம் இருக்கிறது. சமண முனிவர்கள் தங்கியிருந்து தவம் புரிந்த இடம் அது. பாறையில் வெட்டிய கற்படுக்கைகளும், அவ்வறப்பணிக்குப் பொருள் உதவியவர்களின் பெயர்களைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த கல்வெட்டுக்களும் அங்கே உள்ளன. அவை ஏறத்தாழக் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். உப்பு வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்ற பாணித வணிகன் ஒருவன், கொழு வணிகன் ஒருவன், மதுரைப் பொற்கொல்லன் ஒருவன் ஆகியோருடன் அறுவை வணிகன் ஒருவனும் அக்கல்லில் இடம்பெற்றிருக்கிறான். அறுவை என்பது துணி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வட்டாரத்தில் துணி விற்றுப் பொருள் ஈட்டிய ஒருவன், அப்பொருளில் ஒரு பகுதியைச் செலவிட்டுத் தன் பெயரைக் கல்லிலே நிறுத்திவிட்டான்.

சங்கப் புலவர்களுள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே ஒருவர் இருந்தார். மணிமேகலையை இயற்றிய சாத்தனாரும் மதுரைக் கூலவாணிகர். அஃதாவது தானிய வணிகர். துணி அளந்த கையும் தானியம் அளந்த கையும் பாட்டெழுதிய ஊர் நம் ஊர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் சுற்றிப் பார்க்கும் வீதிகளுள் அறுவை வீதியும் ஒன்று. மாங்குடி மருதனாரோ தம் மதுரைக்காஞ்சியின் 782 அடிகளுள், பகற்கடையாகிய நாளங்காடிக்கும் இரவுக்கடையாகிய அல்லங்காடிக்கும் தாராளமாக இடம் அளித்திருக்கிறார்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், மேல மாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தியடிகள், மேலாடையும் நீண்ட வேட்டியும் நீக்கி முழத்துண்டு உடுத்தத் தொடங்கினார். அந்த நாளையும் அந்த வீட்டையும் வரலாறு மறக்கவில்லை. அவ்வீட்டின் கீழ்த்தளத்திலே இன்று கதர்க்கடை நடைபெறுகிறது. மாணவர்கள் சென்று காணலாம்.

வணிகன் பெயர் உண்டு, வீதியின் பெயர் உண்டு, உடுத்தியவர் பெயரும் உண்டு. துணியை எடுத்துப் பிரித்துக் காட்டி, அளந்து கிழித்து, மடித்துக் கட்டிக் கொடுத்த சிப்பந்தியின் பெயர் எங்கே? கல்வெட்டிலும் இல்லை, காப்பியத்திலும் இல்லை. பிற்காலத்துக் கடைப் பேரேடுகளிலும் 'ஆள் சம்பளம்' என்ற ஒரே வரியிலேதான் அவன் வாழ்வு அடங்கிவிடும். அத்தகைய சிப்பந்தி ஒருவரோடு நான் ஈராண்டுக் காலம் தோளோடு தோள் நின்று பணிசெய்தேன். அவர் இன்று இல்லை. அவரை முன்வைத்து அவ்வினத்தாரின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியைச் சொல்ல விரும்புகிறேன்.

1977-ஆம் ஆண்டில், ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்க இயலாத நிலையில், தெற்கு மாசி வீதியில் இருந்த ஒரு ஜவுளிக்கடையிலே வேலைக்கு அமர்ந்தேன். 'அமர்ந்தேன்' என்று பழக்கத்தினால் சொல்லிவிட்டேன். அங்கே அமர்வதற்கு இடம் ஒன்றும் இல்லை. சம்பளம் மாதம் 90 ரூபாய். வேட்டிப் பகுதியில் என்னை நிறுத்தினார்கள். அப்பகுதிக்குத் தலைவர்போல் இருந்தவர்தான் என் நண்பர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். திருமங்கலத்துப் பக்கத்து மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் அவரை அண்ணே என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார். பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன்; தம்மைப் பற்றிப் பிறர் பேசினால் எழுந்து போய்விடும் இயல்பினர் அவர்.

அவருடைய தொழிலறிவை முதலில் சொல்லவேண்டும். துணியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒருமுறை தேய்த்துப் பார்த்து, அது நாற்பதாம் நம்பர் நூலா எண்பதாம் நம்பர் நூலா என்று சொல்லிவிடுவார். நூலின் எண் ஏற ஏற இழை மெல்லியதாகும் என்பதையும், வேட்டியில் கஞ்சிப்பசை மிகுந்திருந்தால் முதல் சலவையிலேயே உண்மை வெளிப்படும் என்பதையும் அவரிடமே கற்றேன். சுங்குடிச் சேலையில் கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றியது எது, அச்சிட்டது எது என்று அறிய அவர் ஒரு வழி சொல்லுவார். கைமுடிச்சுப் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. புள்ளியைச் சுற்றித் துணி சற்றே சுருங்கிக் குவிந்திருக்கும். அச்சுப் புள்ளியோ சிப்பாய்கள் அணிவகுத்தாற்போல் வரிசை பிறழாது நிற்கும். மதுரைச் சௌராட்டிரக் குடும்பங்களின் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் இறுக்கி ஆயிரக்கணக்கில் முடிச்சிடும் அக்கலைக்கு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அவர் என்னிடம், "இனி அச்சுக்காரனும் அந்தப் பெயரைத்தான் போடுவான் தம்பி" என்று சொல்லிச் சிரித்தார்.

அளவையைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவைகள் படிப்படியாக வந்தன. 1957 ஏப்ரலில் நயாபைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் பரவியது. அறுபதுகளின் தொடக்கத்தில் கெஜக்கோல் சட்டப்படி விடைபெற்று மீட்டர்கோல் அரங்கேறியது. சட்டம் மாறினாலும் வாய் மாறவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் எங்கள் கடைக்கு உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வந்த பெரியவர்கள் முழத்திலும் கெஜத்திலுமே கேட்டார்கள். ஒரு முழம் 18 அங்குலம். இரண்டு முழம் ஒரு கெஜம். ஒரு கெஜம் 91.44 சென்டிமீட்டர். எட்டு முழ வேட்டி என்றால் 3 மீட்டர் 66 சென்டிமீட்டர் ஆகிறது. ஒரு மூதாட்டி இரவிக்கைத் துணி முக்கால் கெஜம் கேட்பார். விலையோ மீட்டருக்கு எழுதப்பட்டிருக்கும். அண்ணன் எழுதுகோலைத் தொடாமலேயே, அம்மூதாட்டி சுருக்குப்பையை அவிழ்ப்பதற்குள் பைசா உட்படக் கணக்குச் சொல்லிவிடுவார். பின்னாளில் பள்ளியில் பின்னக் கணக்கு நடத்தும்போதெல்லாம் அந்தக் காட்சியே என் கண்முன் நிற்கும். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர்; கணக்கு அவரை விட்டு நிற்கவில்லை.

இவற்றினும் மேலான ஓர் அறிவு அவரிடம் இருந்தது. வாடிக்கையாளர் வாயில் ஏறும்போதே அவருடைய கையிருப்பை ஏறத்தாழ அறிந்துகொள்வார். ஆயினும் ஒருபோதும் மலிவான சரக்கை முதலில் எடுத்து வைக்கமாட்டார். நடுத்தர விலையில் தொடங்குவார். ஏழையின் முகம் சற்று வாடினால், "இது சாயம் கொஞ்சம் ஏற்றம், வேலைக்கு உடுத்த ஒத்து வராது, இதைப் பாருங்கள்" என்று தாமே ஒரு குறை கண்டுபிடித்துக் கீழே இறங்கி வருவார். வாங்க இயலாமை வாங்குபவருடைய குறையாகத் தோன்றாது. துணியின் குறையாகத் தோன்றும். இருபது சேலை பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் செல்பவர்களையும் வாயில்வரை முகம் மாறாமல் வழியனுப்புவார். பிறகு அந்த இருபதையும் பழைய மடிப்பு பிசகாமல் மடித்து அலமாரியில் அடுக்குவார். மடிப்புக் கலைந்த துணி பாதி விலை இழந்தது என்பது கடைத்தெருவின் வழக்கு.

இத்தனையும் நின்றுகொண்டே. காலை ஒன்பதரை மணிக்கு நின்றால், பகலுணவுக்கு அரைமணி நேரம் மாடிப்படியடியில் உட்காரலாம். மீண்டும் இரவு ஒன்பது மணிவரை நிற்கவேண்டும். தீபாவளிக்கு முந்திய பத்து நாட்களில் நள்ளிரவும் கடந்துவிடும். விளக்குத்தூண் முதல் மாசி வீதிகள் முழுவதும் தலையாகவே தெரியும் அந்நாட்களில், நாங்கள் காலை மாற்றி வைக்கவும் இடம் இராது. கடையில் யாருமில்லாத பிற்பகல் வேளையிலும் உட்காருதல் கூடாது. மில்லிலிருந்து வந்து பிரிக்கப்படாத பேல் ஒன்று மேசையடியில் கிடந்தால், அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொள்வோம். அதுவே எங்களுக்குச் சிம்மாசனம். முதலாளியின் செருப்பொலி கேட்டதும் அந்த முழங்காலும் இறங்கிவிடும்.

இந்த நிற்றல் என்றும் இருந்ததன்று. இஃது எனக்கே வியப்பாகத் தோன்றிய செய்தி. எங்கள் கடையில் முதிய கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். நாற்பதுகளில், துணிப் பங்கீடு நடந்த போர்க்காலத்தில் கடைத்தெருவுக்கு வந்தவர். அவர் சொல்லுவார்: அந்நாளில் ஜவுளிக்கடை என்றால் தரை முழுதும் மெத்தை; மெத்தைமேல் வெள்ளை விரிப்பு. வாங்க வருபவர் செருப்பை வாயிலில் விட்டு வந்து விரிப்பில் அமர்வார். எதிரே விற்பவரும் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். இருவருக்கும் நடுவே சேலை பிரிந்து கிடக்கும். விலை பேசுவதும் பாக்கு வெற்றிலை மாற்றுவதும் ஒரே மட்டத்தில் நிகழும். பிற்காலத்தில் நவநாகரிகம் என்று சொல்லி நீண்ட மேசைகளும் கண்ணாடி அலமாரிகளும் வந்தன. வாங்குபவருக்கு மேசைக்கு இப்பால் நாற்காலி போட்டார்கள். விற்பவருக்கு மேசைக்கு அப்பால் ஒன்றும் போடவில்லை. சம்மணமிட்டிருந்தவர் அன்று எழுந்தவர்தாம். பிறகு உட்காரவே இல்லை.

இது மதுரைக்கு மட்டும் உரிய கதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே மேசை வைத்த பெருங்கடைகள் பெருகின. கடையாட்கள் கடையிலேயே உண்டு, மாடியறைகளில் கூட்டமாக உறங்கி, நாளெல்லாம் நின்றார்கள். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற எழுத்தாளரான எச்.ஜி. வெல்ஸ், 1881 முதல் 1883 வரை சவுத்சீ என்னும் ஊரில் ஒரு துணிக்கடையில் பயிற்சியாளராக இருந்து, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தவர். அந்தக் கசப்பே 1905-இல் 'கிப்ஸ்' என்னும் நாவலாக வெளிவந்தது. மார்கரெட் பாண்ட்ஃபீல்டு என்ற பெண்மணி பதினான்காம் வயதில் பிரைட்டன் நகரத்துக் கடைக்கு வேலைக்குச் சென்றவர். பின்னர்க் கடையாட்களின் சங்கத்தில் சேர்ந்து அவர்களுடைய நிலையை நேரில் ஆராய்ந்து எழுதினார். அவரே 1929-இல் தொழிலமைச்சராகி, பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி ஆனார். இதற்கெல்லாம் இடையில், 1899-ஆம் ஆண்டில், அந்நாட்டுப் பாராளுமன்றம் கடையாட்களின் இருக்கைக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பெண் ஊழியர் மூவருக்கு ஓர் இருக்கையாவது கடையில் இருத்தல்வேண்டும் என்பது அதன் சாரம். மூவருக்கு ஒன்று! அதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். கடைகளுக்கென்று பம்பாய் மாகாணம் 1939-இல் ஒரு சட்டம் செய்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பிறந்தது. அது ஒரு நல்ல சட்டம் என்றே நான் சொல்லுவேன். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. நான்கு மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேரமேனும் ஓய்வு என்றது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றது. பதினான்கு வயது நிரம்பாத சிறுவரை வேலைக்கு வைத்தலாகாது என்றது. கடையின் தூய்மையையும் காற்றோட்டத்தையும்கூட மறக்கவில்லை. ஆனால் கடையில் நிற்பவன் உட்காரலாமா என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறு ஆண்டு, 1948-இல், தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன் 44-ஆம் பிரிவைப் பாருங்கள். நின்றே வேலை செய்யவேண்டிய தொழிலாளர்களுக்கு, வேலையினிடையே கிடைக்கும் சிறு ஓய்வில் உட்காருவதற்கு ஏற்ற வசதி செய்து தருதல் வேண்டும் என்று அப்பிரிவு பணித்தது. ஓராண்டு இடைவெளியில், ஒரே நாட்டில், ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த இருக்கை கடைச்சிப்பந்திக்குக் கிடைக்கவில்லை. இதன் காரணம் யாது?

மதுரையை வைத்தே விடை தேடலாம். இங்கே ஹார்வி ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் ஒரே சங்கொலிக்கு உள்ளே சென்று ஒரே சங்கொலிக்கு வெளியே வந்தனர். 1918-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே வரதராஜுலு நாயுடுவும், பிரமலைக் கள்ளர் மக்கள் அன்போடு 'ரோசாப்பூ துரை' என்றழைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பும் அவர்களைச் சங்கமாகத் திரட்டினர். கடையிலோ மூன்று பேர், ஐந்து பேர், மிஞ்சினால் பத்துப் பேர். அவர்களுள் ஒருவர் முதலாளியின் சொந்தக்காரர், ஒருவர் சொந்த ஊர்க்காரர், ஒருவர் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியவர். யார் யாரைத் திரட்டுவது?

இன்னுமொரு காரணம் உண்டு. அது இதைவிட வலியது என்பது என் துணிபு. ஆலையிலே நிற்பவன் இயந்திரத்துக்காக நிற்கிறான். கடையிலே நிற்பவன் மரியாதைக்காக நிற்கிறான். பெரியவர் முன் உட்காருதல் தகாது என்ற நம் பழைய வழக்கம் அப்படியே மேசைக்குப் பின்னால் சென்று குடியேறிவிட்டது. இயந்திரம் நின்றால் ஆலைத் தொழிலாளி உட்காரலாம்; மரியாதை எப்போது நிற்கும்? இதே தெருவில் தையற்காரரைப் பாருங்கள். திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபத்துத் தூண்களுக்கிடையே, அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்படும் வரையில், நெடுங்காலம் தையற்காரர்கள் இயந்திரத்தின் முன் அமர்ந்தே தைத்து வந்தார்கள். வருபவர் கலெக்டராயினும் அவர்கள் எழுவதில்லை. அதை யாரும் அவமதிப்பாகக் கருதியதுமில்லை. ஆசிரியராகிய எங்களுக்கும் வகுப்பில் ஒரு நாற்காலி உண்டு. உங்களுள் பலர், நாங்கள் நுழைந்ததும் எழுந்து நிற்கிறீர்கள். நாங்கள் சொன்னதும் அமர்ந்துவிடுகிறீர்கள். அமரச் சொல்ல ஆளில்லாத வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள், அதுவே கடை.

1979-இல் எனக்குப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. நான் சென்றேன், அண்ணன் அங்கேயே இருந்தார். கடை இடம் மாறியது, மாடி எழுந்தது, குளிர்சாதனம் வந்தது, சேலைப் பகுதிக்குப் பெண்கள் வேலைக்கு வந்தனர். அவர் 2013-ஆம் ஆண்டுவரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், அந்த மேசைக்குப் பின்னால் நின்றார்.

நாற்பது வயதிலேயே அவருடைய கெண்டைக்காலில் நீல நரம்புகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு புடைத்தன. பிறகு கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது. அதன்பின் ஆறாத புண் வந்தது. அரசு இராசாசி மருத்துவமனையில் அவரோடு நான் சென்றிருந்தபோது மருத்துவர் எங்களுக்கு விளங்கச் சொன்னதை அறிவியல் மாணவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். காலில் இறங்கிய இரத்தம் இதயத்துக்கு மேலேறவேண்டும். அதை ஏற்றுவது கெண்டைத் தசை. நாம் நடக்கும்போது அத்தசை சுருங்கிச் சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. ஏறிய இரத்தம் மீண்டும் இறங்காதபடி சிரைகளுக்குள்ளே சிறு தடுக்கிதழ்கள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் தசை பிழிவதில்லை, இரத்தம் தேங்குகிறது, அதன் பாரம் தாங்காமல் சிரை விரிகிறது, இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. நாளெல்லாம் நடக்கும் தபால்காரருக்கு இல்லாத தீங்கு, நாளெல்லாம் ஓரிடத்தில் நிற்பவருக்கு உண்டு. இந்நோய்க்குப் பரம்பரையும் பிற காரணங்களும் உண்டு என்பதையும் அம்மருத்துவர் மறைக்கவில்லை. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தாயா தம்பி, எங்கள் அப்பாவுக்கும் இருந்தது" என்றார். அவருடைய தந்தை ஏர் உழுதவர்.

ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, இத்தனை ஆண்டு இருந்திருக்கிறீர்கள். ஒரு முக்காலி கேட்டால் கொடுக்க மாட்டார்களா?"

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "கொடுத்தாலும் எப்படித் தம்பி உட்காருவது? வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்துவிட்டு நாம் உட்காருவோமா? அவர்கள் வாங்க வந்தவர்கள்."

"அவர்களுக்குத்தான் நாற்காலி இருக்கிறதே, அண்ணே!"

அதற்கு அவர் விடை சொல்லவில்லை. புண்ணுக்குக் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டார். அந்தக் கட்டும் மடிப்புப் பிசகாமல்தான் இருந்தது.

அவரை நான் குறைகூறவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒருவர் ஒன்றைச் செய்தால், அதற்கொரு கண்ணியமான காரணம் தேடிக்கொள்ளாமல் எப்படிச் செய்யமுடியும்? அவர் துணி காட்டிய முறையில் விருந்தோம்பல் உண்மையாகவே இருந்தது. அந்த விருந்தோம்பலுக்குக் காலை விலையாகக் கேட்டதுதான் தவறு. அதைக் கேட்டது அவரல்லர்.

2019-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவர் மறைந்தார். வேறொரு நோய், அதை இங்கே விரிக்கவேண்டுவதில்லை. அவ்வாண்டிலேதான், பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் கடைகள் ஆண்டு முழுதும் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டிருந்தது. கடைக்கு ஓய்வு வேண்டாம் என்றாயிற்று. கடையில் நிற்பவருக்கு?

விடை மேற்கிலிருந்து வந்தது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்னும் பெயர்பெற்ற கடைவீதி உண்டு. அங்கே தையல் வேலை செய்த விஜி என்னும் பெண்மணி, கடைகளில் பணிபுரிந்த பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது இருக்கையையும் அன்று, கழிப்பறையை. பல மாடிக் கடைகளில் ஊழியர்க்குக் கழிப்பறை இல்லாமையால், பெண்கள் நாள் முழுதும் தண்ணீர் அருந்தாமலே பணிசெய்து வந்தனர். அதற்குப் பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டனர். திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் இதே உரிமைக்காகப் பல நாட்கள் கடைவாயிலில் அமர்ந்து போராடினர். 2018-இல் கேரள அரசு தன் கடைச் சட்டத்தைத் திருத்தி ஊழியர்க்கு இருக்கையை உரிமையாக்கியது. கடைகளில் மூவர் ஐவராகச் சிதறிக் கிடப்பவர்களைத் திரட்டவே இயலாது என்று எண்ணியிருந்த என்போன்றோர்க்கு, ஒரு தையற்காரப் பெண்மணி அளித்த விடை அது.

2021 செப்டம்பர் 6-ஆம் நாள், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவு ஒன்று சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்க்கும் ஏற்ற இருக்கை வசதி இருத்தல்வேண்டும். வேலையினிடையே உட்கார வாய்ப்பு நேரும்போது அவர்கள் உட்கார அது பயன்படவேண்டும் என்பது அப்பிரிவின் பொருள். 1948-ஆம் ஆண்டு ஆலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவை அருகில் வைத்துப் படித்தால், சொற்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைக் காணலாம். ஆலை வாயிலிலிருந்து மாசி வீதிவரை அச்சொற்கள் நடந்துவர எழுபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

சட்டம் வந்ததற்கு மறு ஆண்டு, தீபாவளிக்கு முன், தெற்கு மாசி வீதி வழியே நடந்தேன். வேட்டி வாங்குவது சாக்கு. மேசைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே நோக்கம். ஒரு பெரிய கடையில் பெண்கள் பிளாஸ்டிக் முக்காலிகளில் உண்மையாகவே அமர்ந்திருந்தனர். என்னைக் கண்டதும் ஒரு பெண் எழப்போனாள், "இரும்மா" என்றேன், இருந்தபடியே கைநீட்டி எடுக்கக்கூடிய தட்டிலிருந்து நான்கு வேட்டிகளைக் காட்டினாள். அடுத்த கடையிலும் முக்காலிகள் இருந்தன. அவற்றின்மேல் பில் புத்தகங்களும் துணிக்கட்டுக்களும் அமர்ந்திருந்தன. ஆட்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மேலே கண்காணிப்புக் காமிரா ஒன்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

சந்துக்குள் திரும்பினேன். ஒரே அறையளவில் ஒரு பழைய கடை. மேசை இல்லை. தரையில் மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு, சற்றே பழுப்பேறியது. முதியவர் ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஆள், அவரும் அமர்ந்தே நூல்கண்டு சுற்றிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினேன். "வாங்க ஐயா, உட்காருங்க" என்று அந்த ஆள் விரிப்பைத் தட்டிவிட்டார். எட்டு முழம் கேட்டேன்.

"மூணு அறுபத்தாறு" என்றார்.